அலசாமல் வடித்த காபி

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் என் அனுபவத்தைப் பற்றிப் பேசும்படி நிர்வாகம் கேட்டது. இருபது வருடத்துக்கு மேல் காபி ருசி பார்த்தவள் நிறையச் சாதித்திருப்பாள் என்று நினைத்திருப்பார்கள். சாதித்ததெல்லாம் இருக்கட்டும். ஒரு நேர்மையான மனுஷியைக் கலப்படக்காரி என்று எழுதி, கையெழுத்தும் போட்டு, கம்பெனி முத்திரையும் குத்திக் கொடுத்த கதையைச் சொல்கிறேன். அதற்கு நான் நம்பிய சாட்சி ஒரு வட்டமான காகிதம்.

நேற்று உங்கள் சோதனை அறைக்குள் எட்டிப் பார்த்தேன். வெள்ளை ஃபில்டர் பேப்பர் நல்லதா, பழுப்பு ஃபில்டர் பேப்பர் நல்லதா என்று இரண்டு பேர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தீர்கள். மெல்லிசுப் பேப்பரில் தண்ணீர் ஓடிவிடும், காபி நீர்த்துப் புளிக்கும். தடித்த பேப்பரில் தங்கித் தங்கி இறங்கும், கசக்கும் என்று ஒருவர் பலகையில் படம் போட்டு விளக்கினார். எல்லாம் சரிதான். உங்களுக்குத் தராசு இருக்கிறது, தண்ணீரின் சூட்டைச் சொல்லும் கெட்டில் இருக்கிறது, சண்டை போட ஐந்தாறு வகைப் பேப்பரும் இருக்கிறது. எங்களுக்கு இருந்தது முதலாளியின் அபிப்பிராயம் மட்டும்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில். திண்டுக்கல்லில் பேகம்பூர் தாண்டி எங்கள் கம்பெனியின் வறுக்கும் கொட்டகை. மலைத் தோட்டக்காரர்கள் தங்கள் காபியை இஷ்டப்பட்டவர்களுக்கு விற்கலாம் என்று ஆகியிருந்த சமயம். அதுவரை ஓட்டல்களுக்கும் கடைகளுக்கும் பொடி அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த முதலாளிக்கு, கொட்டையாகவே வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆசை வந்தது. அதற்கு ருசி பார்த்து எழுதித் தர ஓர் ஆள் வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் பி.எஸ்ஸி. வேதியியல் முடித்துவிட்டு வீட்டில் மாப்பிள்ளை தேடும் வைபவத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவள். நேர்முகத் தேர்வில் முதலாளி கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று.

“அடிக்கடி மூக்கடைப்பு கீது வருமாம்மா?”

வராது என்றேன். மறுநாளே வரச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கடைசிவரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவருக்கு நான் கெமிஸ்ட்ரி.

மலையடிவாரத்தில் இருந்த ஒரு காபி பதப்படுத்தும் ஆலைக்கு மூன்று மாதம் அனுப்பி என்னைப் பழக்கினார்கள். கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சித் துப்ப அங்கேதான் கற்றுக்கொண்டேன். ஊறிப்போன காபி, புளித்த காபி, புகை பிடித்த காபி எல்லாம் நாக்குக்குத் தெரிந்தன. போன வருடக் கொட்டையை இந்த வருடக் கொட்டையோடு கலந்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வரும் என்றார்கள். அந்த வாசத்தை மட்டும் நான் மறக்கவே இல்லை. கொஞ்சம் மறந்திருந்தால் பலருக்கும் நல்லதாக இருந்திருக்கும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஒரு வருடம் ஒரு ஜெர்மன் வியாபாரி எங்கள் கொட்டகைக்கு வந்தார். வருவதற்கு முன்பே கடிதம் எழுதியிருந்தார். தங்கள் ஊரில் பேப்பரில் வடித்துத்தான் காபி குடிப்பார்கள், அதனால் அப்படியே ருசி பார்க்க வேண்டும் என்று இருந்தது. நான் படித்துச் சொன்னதும் முதலாளி கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பேப்பர்ல பஜ்ஜி வைப்பாய்ங்க. காப்பியவா ஊத்துவாய்ங்க? நல்லாப் படிச்சுப் பாரு கெமிஸ்ட்ரி.”

வந்தவர் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கூம்பை எடுத்து டம்ளர் மேல் வைத்தார். அதற்குள் மடித்த பேப்பரைச் செருகினார். கொஞ்சம் வெந்நீரைச் சுற்றி ஊற்றி, கீழே இறங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டார். பிறகு பொடியைப் போட்டு, மறுபடி தண்ணீரை நிதானமாக ஊற்றினார். முதலாளி என் காதருகே குனிந்தார்.

“பாத்தியா, நம்ம எலைக்குத் தண்ணி தெளிக்கிறாப்புல அவுகளும் தெளிக்கிறாக. எந்த ஊரா இருந்தாலும் பெரிய மனுசங்க பழக்கம் ஒண்ணுதான்.”

நானும் தலையாட்டினேன். என் நோட்டில் பொடி எத்தனை கிராம், தண்ணீர் எவ்வளவு, வடிய எத்தனை நிமிஷம் என்று ஒன்று விடாமல் எழுதினேன். அந்த முதல் தண்ணீரை மட்டும் எழுதவில்லை. அது அவருடைய சம்பிரதாயம், செய்முறை இல்லை என்று விட்டுவிட்டேன். வேதியியல் படித்தவள் நான். பார்த்ததை எல்லாம் எழுது, உனக்குப் புரிந்ததை மட்டும் எழுதாதே என்று முதல் வருடத்திலேயே சொல்லித் தந்திருந்தார்கள்.

முதலாளி பாலில்லாத அந்தக் காபியை ஒரு வாய் குடித்தார். “வெஞ்சனம் இல்லாம வெறுஞ்சோத்த முழுங்குறாப்புல இருக்கு” என்று என்னிடம் சொல்லிவிட்டு, சீனி டப்பாவை எடுத்துவரச் சொல்லி இரண்டு கரண்டி போட்டுக் கலக்கினார். ஜெர்மன்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே நின்ற வேப்பமரத்தைப் பார்த்தார். போகும்போது கூம்பையும் நாற்பது பேப்பர் கொண்ட ஒரு பொட்டலத்தையும் என்னிடம் கொடுத்தார். அறுவடை முடிந்ததும் வருவதாகவும், தோட்டக்காரர்கள் கொண்டுவரும் காபியை இதே முறையில் ருசி பார்த்து, தேறியதை மட்டும் தனக்குக் காட்டும்படியும் சொன்னார்.

பொட்டலம் நேராக முதலாளியின் பீரோவுக்குள் போனது. வெளிநாட்டுப் பேப்பர் என்பதால் எனக்கு எண்ணித்தான் கிடைக்கும். ஒரு தடவை வடித்ததைக் குப்பையில் போட்டதைப் பார்த்து அவருக்கு நெஞ்சு பதறிவிட்டது. கொட்டகையில் எல்லோருக்கும் காபி போடும் பேச்சியக்காவைக் கூப்பிட்டு, “இத அலசிக் காயப்போடு” என்றார். வடிதுணி பழகப் பழகத்தான் நன்றாக இருக்கும் என்பது எல்லா ஓட்டல் மாஸ்டருக்கும் தெரிந்த விஷயம். துணிக்கு ஒரு நியாயம், பேப்பருக்கு ஒரு நியாயமா என்பது அவர் கட்சி. கொட்டகைக்குப் பின்னால் கொடியில் ஃபில்டர் பேப்பர்கள் வரிசையாகக் காய்ந்தன. மறுபடி உபயோகித்தபோது அடி பிய்ந்து பொடி மொத்தமும் டம்ளருக்குள் விழுந்தது. பேப்பரைக் காப்பாற்றப் போய் இரண்டு மடங்கு பேப்பர் செலவாயிற்று. இரண்டு தோட்டத்துக் காபியைத் தேற்றுவதற்குள் பொட்டலம் காலி.

அந்த நேரத்தில்தான் செலின் டீச்சர் தன் தோட்டத்துக் காபியோடு வந்தார். திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. தாண்டிக்குடிப் பக்கம் அவருடைய அப்பா விட்டுப்போன காபித் தோட்டம், அவருக்கும் சேவுகம்பட்டியில் இருந்த அவருடைய அண்ணனுக்கும் பொது. அண்ணன் சமவெளியில் தென்னையும் பூவும் போட்டு நிம்மதியாக இருந்தார். மலை ஏறுவது அவருக்குப் பிடிக்காது. தோட்டத்தை ஓய்வு விடுதி கட்டுகிறவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சர் ஒவ்வொரு விடுமுறைக்கும் பஸ் ஏறி மலைக்குப் போய், நிழல் மரம் கழித்து, பழம் பொறுக்கி, உலர்த்தி அனுப்பிக்கொண்டிருந்தார். கடைசியில் அண்ணனும் தங்கையும் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தார்கள். இந்த வருடக் காபி வெளிநாட்டுக்குத் தேறினால் தோட்டம் நிற்கும், இல்லையென்றால் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்து.

இதையெல்லாம் அவரே என்னிடம் சொன்னார். கெஞ்சும் குரலில் சொல்லவில்லை. ஒரு சோதனையின் நிபந்தனைகளைச் சொல்வது போலத்தான் சொன்னார். நான் பேப்பர் இல்லாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, “எங்க லேப்ல பழைய ஃபில்டர் பேப்பர் ஒரு டப்பா கெடக்கும்மா. ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட சொல்லி எடுத்தாறேன். இதுக்கு ஆகுமான்னு நீ பாத்துக்க” என்றார். மறுநாளே கொண்டுவந்து கொடுத்தார்.

பார்த்துக்கொள்ள வேண்டியவள் நான். டப்பாவைத் திறந்ததும் முதலாளிக்குத்தான் முதல் சந்தோஷம். ஜெர்மன் பேப்பரைவிட இரண்டு மடங்கு தடிமன்.

“கெட்டிப் பேப்பர்ல வடிச்சாத்தான் கெட்டிக் காப்பி வரும். அவரு பேப்பர் நீச்சத்தண்ணி வடிக்கத்தான் ஆகும்” என்றார்.

நாலாய் மடித்துக் கூம்பில் செருகினேன். அந்தப் பேப்பரில் வடித்த முதல் காபி செலின் டீச்சருடையது. தண்ணீர் இறங்குவேனா என்று அடம்பிடித்தது. நானும் முதலாளியும் ஊரில் பாதிப்பேரைப் பற்றிப் பேசி முடித்த பிறகுதான் டம்ளர் நிறைந்தது. வாயில் வைத்தேன். கசப்பு. அதற்குப் பின்னால் நனைந்த அட்டைப்பெட்டி. மூன்று தடவை வடித்தேன், மூன்று தடவையும் அட்டைப்பெட்டி.

எனக்குள் எழுந்தது வருத்தம் என்று சொன்னால் அது பொய். பெருமைதான் எழுந்தது. பார்க்கப் பளபளவென்று இருந்த கொட்டைக்குள் ஒளிந்திருந்த களவை என் மூக்கு பிடித்துவிட்டதே என்ற பெருமை. கம்பெனித் தாளில் எழுதினேன். “போன அறுவடைக் கொட்டை கலக்கப்பட்டிருக்கிறது. ஏற்றுமதிக்குத் தகுதியற்றது.” கீழே கையெழுத்து, பெயர், பட்டம். பட்டத்தை எழுத நான் மறந்ததே இல்லை.

டீச்சர் கடிதத்தை நின்றபடியே இரண்டு தடவை படித்தார்.

“ஏம்மா, போன வருசக் கொட்டை என்கிட்ட ஏது? போன வருசம் காய்ச்சதே கொஞ்சம். அம்புட்டையும் உங்க கம்பெனிக்குத்தான போட்டேன். உங்க ரிஜிஸ்டர்லயே இருக்குமே.”

இருந்தது. நான் புரட்டிப் பார்க்கவில்லை. “மூக்கு பொய் சொல்லாது டீச்சர்” என்றேன். அதைச் சொல்லும்போது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. அவர் கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, வெயிலில் குடையை விரித்தபடி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

அதே வாரம் இன்னும் இரண்டு தோட்டத்துக் காபி வந்தது. இரண்டிலும் அட்டைப்பெட்டி. இரண்டையும் தள்ளினேன். ஒரே வாரத்தில் மூன்று தோட்டக்காரர்கள் ஒரே மாதிரி ஏமாற்றப் பார்க்கிறார்களே என்று எனக்குத் துளிகூட ஆச்சரியம் வரவில்லை. காலம் கெட்டுப்போச்சு என்று பேச்சியக்காவிடம் புலம்பினேன். மூன்று மனிதர்கள் பொய் சொல்வார்கள் என்று நம்பிய எனக்கு, ஒரு பேப்பரைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. மனிதர்களைச் சந்தேகப்படுவது எப்போதும் சுலபமான வேலை. அதற்குப் பட்டம்கூட வேண்டாம்.

ஜெர்மன்காரர் வெள்ளிக்கிழமை காலை வருவதாகத் தந்தி போல ஒரு ஃபேக்ஸ் வந்தது. முதலாளி வியாழக்கிழமையே சந்தனமாலைக்கும் பொன்னாடைக்கும் ஆள் அனுப்பிவிட்டார். ஒத்திகை வேறு பார்க்க வேண்டும் என்றார். ஏற்கெனவே ஜெர்மன் பேப்பரில் வடித்துத் தேறியிருந்த காபியை எடுத்து, டீச்சர் கொடுத்த பேப்பரில் வடித்தேன். உறிஞ்சினேன். அட்டைப்பெட்டி.

முதலாளியும் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். “நல்ல காப்பியும் கெட்டுப் போச்சா? எவனோ வேண்டாதவன் என்னமோ செஞ்சு வச்சுட்டான் கெமிஸ்ட்ரி” என்றார். நான் விஞ்ஞானி அல்லவா, செய்வினையை ஒப்புக்கொள்ள முடியுமா? கொட்டகை ஈரத்தில் சாக்கில் பூசணம் பூத்துவிட்டது, இருக்கிற காபி முழுவதையும் தள்ளிவிட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னேன். அந்த நேரத்தில் டம்ளர்களை எடுக்கப் பேச்சியக்கா உள்ளே வந்தார். ஒரு டம்ளரை மூக்கருகே கொண்டுபோனவர் முகத்தைச் சுளித்தார்.

“என்ன தாயி, புதுத்துணில அலசாம வடிச்சியா?”

“துணி இல்லக்கா, பேப்பர்.”

“எதா இருந்தா என்ன? கஞ்சி போக ரெண்டு தடவ சுடுதண்ணி ஊத்தி அலசாம எவளாச்சும் புதுசுல வடிப்பாளா? இப்படித்தான் அடிக்கும். இம்புட்டு நாளா இந்த வாடையவா குடிச்சுக்கிட்டு இருந்தீக?”

முதலாளியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஜெர்மன்காரர் தெளித்த தண்ணீர் இருவர் கண்ணிலும் தெரிந்தது. அவர் இலைக்குத் தண்ணீர் தெளிக்கவில்லை. பேப்பரின் வாடையைக் கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய பேப்பர் மெல்லிசு, அலசாமல் வடித்தும் எங்களை மன்னித்துவிட்டது. எத்தனையோ வருடம் லேப் அலமாரியில் கிடந்த தடித்த பேப்பர் மன்னிக்கவில்லை.

பேச்சியக்காவே வெந்நீரைப் போட்டு ஒரு பேப்பரை மூன்று தடவை அலசினார். செலின் டீச்சரின் காபியில் மிச்சம் வைத்திருந்த பொட்டலத்தைப் பிரித்து வடித்தேன். இன்னும் மெதுவாகத்தான் இறங்கியது, கொஞ்சம் கசந்தது. ஆனால் அட்டைப்பெட்டி இல்லை. வறுத்த கடலையும், ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் வருகிற வாசமும் இருந்தன. அதுவரை எங்கள் கொட்டகைக்கு வந்ததிலேயே நல்ல காபி அது. வாயில் வைத்துக்கொண்டு துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றேன்.

முதலாளி கதவைச் சாத்தினார்.

“இங்க பாரும்மா. எழுதிக் குடுத்தது குடுத்ததுதான். இப்பப் போயி தப்புன்னு சொன்னா, நாளைக்கு நீ தேறும்னு காட்டப் போறியே, அத மட்டும் ஜெர்மன்காரரு நம்புவாரா? கம்முனு இரு. அடுத்த வருசம் அந்த மூணு பேரு காப்பியவும் தேத்திவிட்ருவோம். அவுகளுக்கும் சந்தோசம், நமக்கும் சந்தோசம்.”

அவர் கெட்டவர் இல்லை. வியாபாரக் கணக்கில் அவர் சொன்னது தப்பும் இல்லை. அவர் சாப்பிடப் போன பிறகு நான் போனை எடுத்து டீச்சர் வீட்டு எண்ணைச் சுழற்ற ஆரம்பித்தேன். பாதி எண்ணிலேயே வைத்துவிட்டேன். முதலாளிக்குப் பயந்து வைக்கவில்லை. நாளை ஜெர்மன்காரர் குடித்துவிட்டு நல்ல காபி என்று சொல்லட்டும், அதற்குப் பிறகு சொன்னால் தப்பைக் கண்டுபிடித்துச் சரிசெய்தவளாக நிற்கலாம். இப்போது சொன்னால் தப்பு செய்தவளாக மட்டும் நிற்க வேண்டும் என்று நினைத்தேன். நீங்கள் என்னிடமிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதாக இருந்தால் இந்த இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேப்பரை அலசாதது அறியாமல் செய்தது. போனை வைத்தது அறிந்து செய்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஜெர்மன்காரர் மாலையும் பொன்னாடையுமாக உட்கார்ந்தார். மேஜையில் தேறிய காபி இரண்டு வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நான் தள்ளிய மூன்றையும் சேர்த்து ஐந்தாக வைத்தேன். முதலாளி மேஜைக்குக் கீழே என் காலை மிதித்தார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நடந்ததைச் சொன்னேன். பேப்பரை அலசவில்லை, குறையைக் காபி மேல் போட்டுவிட்டேன், தேறியவை தேறாதவை எல்லாவற்றையும் அவரே பார்க்கட்டும் என்றேன். அவர் அந்த லேப் பேப்பரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முகர்ந்தார், மரியாதையாக என்னிடமே திருப்பிக் கொடுத்தார். தன் பையிலிருந்து வேறு பேப்பரை எடுத்து ஒவ்வொன்றையும் அலசி அலசி வடித்தார். டீச்சருடைய காபிக்கு மட்டும் இரண்டாவது தடவை போனார். இது எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும் வேண்டும், வருடா வருடம் வேண்டும் என்றார்.

“நான் அப்பவே சொன்னேன்ல கெமிஸ்ட்ரி, அந்த டீச்சரம்மா தப்பான ஆளு இல்லைன்னு” என்றார் முதலாளி.

மத்தியானம் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சாயங்காலம் மேட்டுப்பட்டியில் இருந்த அவர் வீட்டுக்கே போனேன். டீச்சர் அப்போதுதான் வெளியே போய்விட்டு வந்திருந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பேப்பர், வாடை, பேச்சியக்கா, ஜெர்மன்காரர், வருடா வருடம் வேண்டும் என்றது. அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

“இன்னைக்குக் காலைல பத்து பத்தரைக்கு வத்தலக்குண்டு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேம்மா” என்றார். “நீ எப்பக் கண்டுபிடிச்ச?”

நேற்று மத்தியானம் என்று சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

“வெறும் சுடுதண்ணிய அந்தப் பேப்பர்ல ஊத்திக் குடிச்சுப் பாத்தியா? பொடி போடாம?”

“இல்ல டீச்சர்.”

“ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கே சொல்றதுதானம்மா. எந்தச் சோதனைன்னாலும் மொதல்ல ஒண்ணும் போடாமச் செஞ்சு பாக்கணும்னு. பி.எஸ்ஸி. வர படிச்சவளுக்கு நான் சொல்லணுமா?”

நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பத்திரத்தை ஏதாவது செய்ய முடியுமா, நான் வந்து சாட்சி சொல்கிறேன் என்றெல்லாம் உளறினேன்.

“தோட்டம் போயிருச்சு, விடு. அண்ணன் வாக்குப்படிதான் செஞ்சாரு. ஆனா நான் பழசக் கலந்து ஏமாத்தப் பாத்தவன்னு நீ எழுதின பேப்பர், நான் காட்டக் குடுத்தது, அவர் வீட்ல இருக்கு. சொந்தக்காரங்க வந்தா எடுத்துக் காட்டுறாரு. அது இருக்கக் கூடாது. நீ எழுதினதுதான. நீயே மாத்தி எழுது. நீயே வந்து அங்க வாசி.”

அன்று ராத்திரி எழுதியதை நாலு தடவை கிழித்து எழுதினேன். முதலில் எழுதியதில் ‘பேப்பரில் ஏற்பட்ட குறைபாடு காரணமாக’ என்று இருந்தது. பேப்பர் மேல் பழியைப் போடுகிறேன் என்று தெரிந்து அடித்தேன். கடைசியில் இரண்டு வரிதான் மிஞ்சியது. “செலின் டீச்சரின் காபியில் கலப்படம் எதுவும் இல்லை. சோதித்த நான் தவறாகச் சோதித்தேன்.” முதலாளியிடம் கம்பெனித் தாள் கேட்டேன். தரவில்லை. வெறும் தாளில் எழுதினேன். பட்டத்தைப் போடவில்லை.

சனிக்கிழமை டீச்சரும் நானும் சேவுகம்பட்டிக்குப் பஸ்ஸில் போனோம்.  அண்ணன் வீட்டுக் கூடத்தில் நாலைந்து உறவினர்கள் இருந்தார்கள். டீச்சர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் யாரென்று சொல்லிவிட்டு அந்த இரண்டு வரியை வாசித்தேன்.   ஒருவருடைய காபியைத் தள்ளி எழுதும்போது, அதை அவர் வீட்டுக் கூடத்தில் நின்று வாசிக்க முடியுமா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். நான் அன்றைக்குப் பிறகு கேட்டுக்கொள்ளாமல் எழுதியதில்லை.

அண்ணன் தங்கையைப் பார்த்தார். அவர் திரும்பவில்லை.

“செத்த நேரம் இருங்க” என்று அண்ணன் உள்ளே போனார். என்னுடைய பழைய கடிதத்தோடு வந்தார். அதை அவர் லேமினேட் செய்து வைத்திருந்தார். பத்துப் பேர் கை மாறும், கசங்கிவிடக் கூடாது என்று வத்தலக்குண்டில் கொடுத்துச் செய்ததாம். என் கையெழுத்தும் பட்டமும் முத்திரையும் கண்ணாடி போட்டது போலப் பளிச்சென்று தெரிந்தன.

எல்லோர் முன்னாலும் கிழிக்கப் பார்த்தார். பிளாஸ்டிக் கிழியவில்லை. வளைத்தார், முறுக்கினார், முழங்காலில் வைத்து மடித்தார், ஓரத்தைப் பல்லால் கடித்து இழுத்தார். விட்டதும் அது நிமிர்ந்துகொண்டது. உறவினர் ஒருவருக்குச் சிரிப்பு வந்து, துண்டால் வாயை மூடிக்கொண்டார். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் அவர் மனைவி அரிவாள்மனையைக் கொண்டுவந்து தரையில் போட்டு உட்கார்ந்து, அதை வாங்கி நறுக்க ஆரம்பித்தார். வழுக்கி வழுக்கித்தான் அறுபட்டது. முடியும்வரை டீச்சர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை.